நூல் நம்பரும் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) நெருக்கமும் (சென்டிமீட்டருக்கு எத்தனை நூல்) தெரிந்தால் துணி எப்படி இருக்கும் என்று நெய்வதற்கு முன்பே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். துணியின் தடிமனையும் அடர்த்தியையும் கணக்கு நன்றாகவே சொல்லிவிடும், எவ்வளவு இழுபடும் என்பதைச் சுமாராகச் சொல்லும், உடம்பில் எப்படி விழும் என்பதற்கு மட்டும் துணியைக் கையில் எடுத்து அளந்தே ஆக வேண்டும். நான் டெக்ஸ்டைல் படித்தவன். பினாங்கு லிட்டல் இந்தியாவில் அக்காவின் தையல் கடையிலும் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும்.

ரவிக்கைத் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, மெதுவாக உருவிப் பாருங்கள். குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை நூலுக்கும் மேலே ஏறிக் கீழே இறங்கியதால் நெளிநெளியாக வரும். துணியில் 10 செ.மீ. இருந்த நூல், முறுக்கு அவிழாமல் நீட்டினால் 10.8 செ.மீ. வருகிறதென்றால் நெளிவு 8 சதவீதம். 1937இல் துணி ஆராய்ச்சியாளர் எஃப். டி. பியர்ஸ் கொடுத்த வடிவக் கணக்குதான் இன்றைக்கும் அடிப்படை: ஊடை நூல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நெளிவின் (8 சதவீதம் என்றால் 0.08) வர்க்கமூலத்தால் பெருக்கி, அதை மறுபடி 4/3ஆல் பெருக்கினால், பாவு ஏறி இறங்கும் உயரம் கிடைக்கும். சென்டிமீட்டருக்கு 25 ஊடை என்றால் இடைவெளி 0.4 மி.மீ., உயரம் சுமார் 0.15 மி.மீ. பாவின் உயரமும் ஊடையின் உயரமும் சேர்ந்தால் இரண்டு நூல்களின் தடிமனுக்குச் சமம், எனவே ஒன்று நிமிர்ந்தால் மற்றது கூடுதலாக நெளிந்தே ஆக வேண்டும். துணியைப் பாவு பக்கம் இழுக்கும்போது முதலில் லேசாக நீண்டு, அகலம் குறைந்து, அப்புறம் திடீரென இறுகுவது இதனால்தான்: நெளிவு தீர்ந்த பிறகு நூலே நீள வேண்டியிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், பியர்ஸ் நூலின் குறுக்குவெட்டை வட்டமாக எடுத்துக்கொண்டார், நெசவில் அது நசுங்கித் தட்டையாகிறது. 1958இல் கெம்ப் என்ற ஆராய்ச்சியாளர் இரண்டு முனையிலும் அரைவட்டம் வைத்த செவ்வகமாக அதைத் திருத்தினார். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டெக்ஸ்ஜென் மென்பொருளில் நூலின் குறுக்குவெட்டை நாமே கொடுக்கலாம், இலவசம்தான். ஆனால் எந்த மென்பொருளுக்கும் நூலோடு நூல் எவ்வளவு உராய்கிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டிய துணியை இழுத்தால் நூல் அவ்வளவாக நீளுவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று திரும்புகிறது, அங்கே உராய்வுதான் எல்லாம். கஞ்சியோடு இருக்கும் துணிக்கும் ஒருமுறை துவைத்த துணிக்கும் அது ஒன்றாக இருக்காது, நூல் நம்பரை எத்தனை தடவை பார்த்தாலும் அது தெரியவும் தெரியாது.

அதனால் என் யோசனை, மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் அதே வகைத் துணியில் ஒரு துண்டு வாங்கி அளந்துவிடுங்கள். 2.5 செ.மீ. அகலப் பட்டையை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளுங்கள். விளிம்பிலிருந்து பட்டையின் நுனிக்குப் போகும் கோடு 41.5 டிகிரி சாய்ந்ததும் நிறுத்தி, வெளியே தொங்கும் நீளத்தில் பாதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுவும் பியர்ஸ் கொண்டுவந்த சோதனைதான், துணி எவ்வளவு விறைப்பு என்று காட்டும் இந்த அளவை வளைவு நீளம் என்பார்கள். பாவு பக்கம், ஊடை பக்கம், கிராஸ் மூன்றிலும் எடுங்கள், துவைத்துக் காயவைத்த பிறகு இன்னொரு தடவை எடுங்கள்.