ஏஐ ஏஜென்டுக்குக் கொடுக்கும் 'டெலீட்' கருவிக்கு விளக்கம் எப்படி எழுதுவது? 'கவனமாகப் பயன்படுத்தவும்' என்று போட்டால் போதாதா?

போதாது. நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மசாலா மொத்தக்கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்து, நானே பார்த்துக்கொள்கிறேன். போன ஆண்டு அதில் ஒரு ஏஜென்டைச் சேர்த்தோம், அதாவது நாம் கொடுத்த கருவிகளை அழைத்துச் சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ. கடைக்காரர் தமிழில் கேட்டால் பாக்கியைச் சொல்லும், இன்வாய்ஸ் எடுத்துத் தரும். அதன் கையில் இருந்த கருவிகளில் ஒன்று 'டெலீட்_கஸ்டமர்'. விளக்கம் இவ்வளவுதான்: "வாடிக்கையாளரை நீக்கும். கவனமாகப் பயன்படுத்தவும்."

ஒரு நாள் கடைக்காரர், ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருப்பதைச் சுத்தம் செய்யச் சொன்னார். (பெயரை ரோமன் எழுத்தில் அடிக்கும்போது ஒருவர் 'எச்' போடுவார், இன்னொருவர் போடமாட்டார். இங்கே பல கடைகளில் இந்தத் தொல்லை உண்டு.) ஏஜென்ட் பதினொரு பதிவுகளை நீக்கியது. எல்லாமே உண்மையில் இரட்டைப் பதிவுகள்தான். ஆனால் பில்களில் பாதி ஒரு பெயரிலும் பாதி மற்றதிலும் இருந்தன. எங்கள் தரவுத்தளத்தில் இன்வாய்ஸ்கள் 'ஆன் டெலீட் கேஸ்கேட்' முறையில் கட்டப்பட்டிருந்தன. ஆள் போனால் அவர் பில்லும் கூடவே போய்விடும்.

மறுநாள் காலை போன். "ஏம்மா, லூனாஸ் கடைக்காரர் பாக்கி சைபர்னு காட்டுது. அவர் இன்னும் கட்டவே இல்லையே?"

"அங்கிள், எதையும் தொடாதீங்க, வர்றேன்" என்று ஓடினேன். முந்தைய இரவு பேக்கப் இருந்ததால் மீட்டோம். வருமான வரிச் சட்டப்படி மலேசியாவில் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பாக்கிப் பணத்தோடு முடிகிற விஷயமில்லை இது.

கடையில் வேலை செய்யும் பிள்ளையிடம் 'கவனம்' என்றால் எதில் கவனம் என்று அவருக்குத் தெரியும். ஏஜென்டிடம் இருப்பதோ கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகள், பயனர் சொன்னது. கேஸ்கேட் என் தலையில் மட்டுமே இருந்தது. திருத்தி எழுதியது இது:

"வாடிக்கையாளர் பதிவையும் அவர் பெயரில் உள்ள எல்லா இன்வாய்ஸ், ரசீது, பாக்கியையும் நிரந்தரமாக அழிக்கும். மென்பொருளுக்குள் மீட்க வழியில்லை. தவறுதலாகத் திறந்த, இன்வாய்ஸ் இல்லாத பதிவுக்கு மட்டும். இரட்டைப் பதிவென்றால் மெர்ஜ்_கஸ்டமர். வாங்குவதை நிறுத்தியவர் என்றால் ஆர்க்கைவ்_கஸ்டமர். அழைக்கும் முன் பெயரையும் இன்வாய்ஸ் எண்ணிக்கையையும் காட்டிப் பயனரின் சம்மதம் வாங்கு."

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 'இதற்குப் பதில் எது' என்று சொல்லும் வரிகள். அதை எழுத உட்கார்ந்தபோதுதான் மெர்ஜ் செய்ய, அதாவது இரண்டு பதிவையும் ஒன்றாகச் சேர்க்க, அதுவரை எங்களிடம் கருவியே இல்லை என்று தெரிந்தது. சுத்தம் செய்யச் சொன்னோம், கையில் கொடுத்தது டெலீட் மட்டும். ஏஜென்டைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

உள்ளீடுகளுக்கும் இதே அக்கறை வேண்டும். தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில், எந்த வரிசைகள் என்று சொல்லும் 'வேர்' (WHERE) நிபந்தனை இல்லாத டெலீட் அட்டவணையின் எல்லா வரிசைகளையும் அழித்துவிடும். ஃபில்டரைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். பிழை வரும் என்று எழுத முடிகிற மாதிரி நிரலையும் மாற்றுங்கள்.

அதே நேரம் எல்லாக் கருவியிலும் 'ஆபத்து' என்று ஒட்டாதீர்கள். பதிவை அழிக்காமல் ஒதுக்கி வைக்கும் ஆர்க்கைவுக்கும் சம்மதம் கேட்டால் மனிதர் படிக்காமலே 'சரி, சரி' என்று தட்டப் பழகிவிடுவார். திரும்ப எடுக்க முடியும் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஏஐயோடு கருவிகளை இணைப்பதற்கான பொது நெறிமுறையான எம்சிபி வழியாகக் கருவி கொடுப்பவர்களுக்கு 'டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்' என்ற குறிப்பு உண்டு. 2025 மார்ச் பதிப்பில் வந்தது. ஒன்றும் குறிப்பிடாவிட்டால் அழிக்கக்கூடியது என்றே எடுத்துக்கொள்ளப்படும். நல்ல ஏற்பாடு, ஆனால் பெயரிலேயே சொல்வதுபோல அது குறிப்பு மட்டும்தான், எதையும் தடுக்காது. விளக்கமும் அப்படியே.

அதனால் அப்புறம் கேஸ்கேட்டை எடுத்துவிட்டு 'ரெஸ்ட்ரிக்ட்' போட்டோம். இன்வாய்ஸ் உள்ள ஆளை அழிக்க யார் கேட்டாலும் தரவுத்தளமே மறுக்கும். கருவி இனி செய்யாததை விளக்கம் சொல்லக் கூடாது என்பதால் முதல் வரியையும் அன்றே மாற்றினேன். பிழைச் செய்தியையும் ஏஜென்ட் படிக்கும் என்பதால் அங்கேயும் வழி சொல்லியிருக்கிறோம்: "இவருக்கு 14 இன்வாய்ஸ் உள்ளன, அழிக்கவில்லை. இரட்டைப் பதிவென்றால் மெர்ஜ்_கஸ்டமர் பயன்படுத்து."