ஆண்மை, பெண்மை இரண்டு மதிப்பெண்ணும் உயர்வாக வந்தால்

பெம் அளவுகோலைத் தமிழில் மொழிபெயர்த்து நடத்திய உங்கள் ஆய்வில் ஒரே நபருக்கு ஆண்மை 5.4, பெண்மை 5.6 என வந்திருக்கிறது, கணக்கு தவறா என்று கேட்கிறீர்கள். இதை மட்டும் வைத்துத் தவறு என்று சொல்ல முடியாது. பண்புச் சொற்கள் தமக்கு எவ்வளவு பொருந்தும் என்று பதிலளிப்பவரே மதிப்பெண் இடும் வினாப்பட்டியல் இது. அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974இல் வெளியிட்ட இந்த அளவுகோல் இவ்விரண்டையும் ஒரே கோட்டின் இரு முனைகளாக வைக்கவில்லை. ஒன்று கூடினால் மற்றொன்று குறைய வேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது. இரண்டும் உயர்ந்தவர்களை ‘இருபாங்கு’ (androgynous) என்று தனி வகையாக எழுதுங்கள்.

ஆனால் உங்கள் தரவில் பெரும்பாலோருக்கும் இப்படியே வருகிறது என்கிறீர்கள். கூட்டலில் பிழையோ, எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ பக்கமே வட்டமிடும் பழக்கமோ காரணமாக இருக்கலாம். இரண்டையும் சரிபாருங்கள்.

1. மொத்தம் 60 சொற்கள், 1 முதல் 7 வரை மதிப்பு. மூல வரிசைப்படி 1, 4, 7… ஆண்மை. 2, 5, 8… பெண்மை. 3, 6, 9… நடுநிலை. ஒவ்வொன்றிலும் 20. மொழிபெயர்ப்பில் வரிசை மாறியிருந்தால் கூட்டலே கலைந்துவிடும்.

2. ‘எளிதில் ஏமாறுபவர்’, ‘திறமையற்றவர்’ போன்ற, யாரும் விரும்பாத சொற்களுக்கும் 5, 6 போட்டவர்களைத் தனியே பிரித்துப் பாருங்கள்.

பட்டியலில் ‘ஆண்மை மிக்கவர்’ என்றே ஒரு சொல் இருக்கிறது. தமிழில் இது பெரும் சிக்கல். வேளாண்மை, தாளாண்மை என்பவற்றில் ஆள்வதும் மேற்கொள்வதுமே பொருள். வள்ளுவர் ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’ என்றபோது அது மனவுறுதி. இன்றைய விளம்பரத்தில் உடலுறவுத் திறன். பதிலளித்தவர் எதை நினைத்தார் என்று ஐந்தாறு பேரிடமாவது கேளுங்கள்.

ஆய்வேட்டின் வரையறைப் பகுதியில் ‘ஆண்மை என்பது இது’ என எழுத வேண்டாம். அமெரிக்கச் சமூகத்தில் ஆணுக்கு, பெண்ணுக்கு விரும்பத்தக்கவை என ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் மதிப்பிட்ட பண்புகளே பட்டியலின் ஆண்மை, பெண்மைச் சொற்கள். அளந்தது அந்த எதிர்பார்ப்போடு உள்ள பொருத்தத்தை மட்டுமே.