கடையில் வாங்கிய எலக்ட்ரானிக்ஸ் போர்டு அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் ஒரு இணையக் கடையில் ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி இயக்கும் சிறு கட்டுப்பாட்டு போர்டு), பிஎம்இ280 சென்சார் போர்டு (வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் அளப்பது), எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் போர்டு) மூன்றும் வாங்கியிருக்கிறார். சென்சாரில் வெப்பநிலையும் அழுத்தமும் சரியாக வருகின்றன, ஈரப்பதம் மட்டும் வரவில்லை. மற்ற இரண்டும் போலியாக இருக்குமோ என்பது அவர் சந்தேகம்.

சென்சாரிலிருந்தே தொடங்குகிறேன். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பிஎம்பி280. இரண்டுமே பாஷ் நிறுவனத்தின் சிப்கள்தான், ஆனால் பிஎம்பி280-இல் ஈரப்பதம் அளக்கும் பகுதியே கிடையாது. விலையும் குறைவு. அதைப் போர்டில் ஒட்டி, விற்பனைப் பக்கத்தில் பிஎம்இ என்று போட்டுவிடுகிறார்கள்.

உறுதிப்படுத்த ஒரு நிமிடம் போதும். சென்சாரின் ஐ2சி (சிப்கள் இரண்டு வயரில் பேசும் முறை) முகவரி ஹெக்ஸ் (16-அடிமான எண்) 76 அல்லது 77. அந்த முகவரியில் ஹெக்ஸ் டி0 ரெஜிஸ்டரிலிருந்து (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) ஒரு பைட் படியுங்கள்; வரும் எண்ணும் ஹெக்ஸ்தான். 60 வந்தால் பிஎம்இ280. 58 வந்தால் பிஎம்பி280 (எப்போதாவது 56, 57 வரலாம், அதுவும் பிஎம்பிதான்). கண்ணாலும் பார்க்கலாம்: பிஎம்இ சதுரம், 2.5 மி.மீ.க்கு 2.5 மி.மீ.; பிஎம்பி செவ்வகம், 2 மி.மீ.க்கு 2.5 மி.மீ. அடாஃப்ரூட் நிறுவனத்தின் பிஎம்இ280 லைப்ரரி (சென்சாரைப் படிக்கும் ஆயத்த நிரல்) இந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். பொருந்தாவிட்டால் சென்சாரே இல்லை என்று சொல்லிவிடும். பலர் அதைப் பார்த்து வயரிங்கில் தப்பு என்று நினைத்து மணிக்கணக்கில் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார்கள். சரிபார்க்காத லைப்ரரி என்றால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இதே மாதிரி அடையாள எண் வேறு பல சிப்களிலும் உண்டு. எம்பியு6050 என்ற அசைவு சென்சார் போர்டில் ஹெக்ஸ் 75 ரெஜிஸ்டர் 68 என்று சொல்ல வேண்டும். திசைகாட்டியும் சேர்ந்த எம்பியு9250 என்று விற்ற போர்டில் அதே ரெஜிஸ்டர் 71-க்குப் பதிலாக 70 காட்டினால் உள்ளே இருப்பது எம்பியு6500. திசைகாட்டி அதில் இல்லவே இல்லை, எந்த லைப்ரரியைப் போட்டாலும் வராது. இஎஸ்பி32 என்ற வைஃபை போர்டில் ஃபிளாஷ் நினைவகம் 16 எம்பி என்று எழுதியிருந்தால் இஎஸ்பிடூல் என்ற கணினி நிரலின் ஃபிளாஷ் ஐடி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 4 எம்பி சிப்பாக இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். சிப்பிடம் கேட்டே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்தைப் பூதக்கண்ணாடி வைத்து யூகிக்கத் தேவையில்லை.

அடுத்து ஊனோ. இங்கே முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆர்டுயினோவின் சர்க்யூட் வடிவமைப்பு திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் அதைச் செய்து, தங்கள் பெயரில் விற்கலாம். அது குளோன், சட்டப்படி சரியான பொருள். ஆர்டுயினோ என்ற பெயரையும் லோகோவையும் அனுமதியில்லாமல் அச்சடித்து அசல் என்று விற்றால்தான் போலி. ஆகவே போர்டில் சிஎச்340 என்ற மலிவான யுஎஸ்பி சிப் இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. சிஎச்340-ம் ஆர்டுயினோ லோகோவும் ஒரே ஊனோ போர்டில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், போலி. அசல் ஊனோ ஆர்3-இல் யுஎஸ்பி வேலையைச் செய்வது ஏடிமெகா16யு2.

கணினியில் செருகி யுஎஸ்பி எண்களைப் பாருங்கள். அசல் ஊனோ ஆர்3 பொதுவாக 2341 என்ற தயாரிப்பாளர் எண்ணையும் 0043 என்ற பொருள் எண்ணையும் காட்டும். சிஎச்340 என்றால் 1ஏ86, 7523. ஆனால் 2341 வந்துவிட்டது என்று திருப்தி அடைய வேண்டாம். 16யு2-க்கான ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) பொதுவில் கிடைப்பதால் போலிக்காரரும் அதையே ஏற்றிவிடலாம். 2341 வராவிட்டால் பெரும்பாலும் அசல் இல்லை என்று சொல்லலாம், வந்தால் அசல் என்று சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களில் ஆர்டுயினோ நிறுவனமே குறிப்பிடுவது யுஎஸ்பி சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பாலிஃபியூஸ் (கரண்ட் மிஞ்சினால் தடுத்து, பிறகு தானே மீளும் ஃபியூஸ்). 501கே என்று எழுதிய அந்தச் சின்னப் பாகம் அசலில் கறுப்பும் தங்க நிறமுமாக இருக்கும், போலிகளில் பச்சையாக இருக்கும். பின்பக்க இத்தாலி வரைபடத்தின் கோடுகள் மங்கலாக, விளிம்பு கரைந்தாற்போல இருக்கிறதா என்றும் பார்க்கலாம். போர்டின் நிறத்தை மட்டும் ஃபோட்டோவில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேமரா நிறத்தை மாற்றிவிடும்.

மூன்றில் எனக்கு அதிகக் கவலை தருவது அந்த எல்எம்2596. சென்சார் போலியானால் அளவு தப்பும், அவ்வளவுதான். பவர் சப்ளை போலியானால் அதன் பின்னால் இருப்பதெல்லாம் போகும். அசல் எல்எம்2596 ஏறத்தாழ 150 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் செய்யும் (ஆன்-ஆஃப் ஆகும்). மலிவான போர்டுகளில் வருவது பல நேரம் 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஓடுகிற வேறு சிப், மேலே மட்டும் புதுப் பெயர். போர்டில் இருக்கும் காயிலோ 150-க்குக் கணக்குப் போட்டது. 12 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, 33 மைக்ரோஹென்றி காயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 கிலோஹெர்ட்ஸில் காயில் கரண்ட்டின் ஏற்ற இறக்கம் 0.6 ஆம்பியர் அளவில் நிற்கும். 50-இல் அது மூன்று மடங்காகி 1.8 ஆம்பியரைத் தொடும். 2 ஆம்பியர் லோடு கொடுத்தால் உச்சத்தில் 2.9 ஆம்பியர். காயிலின் கோர் சாச்சுரேட் ஆகிறது (அதற்கு மேல் காந்தப்புலத்தைத் தாங்க முடியாமல் போகிறது), காயில் கொதிக்கிறது, அவுட்புட்டில் ரிப்பிள் (வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கம்) ஏறுகிறது.

சோதிப்பது எளிது. வெளியே 1 ஆம்பியர் லோடு போடுங்கள் (5 வோல்ட்டுக்கு 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் சரியாக இருக்கும், சுடும், கையை வைக்காதீர்கள்). ஆசிலோஸ்கோப் கிரவுண்டை போர்டு கிரவுண்டில் மாட்டி, புரோபை சிப்பின் 2-ஆவது காலில் வையுங்கள். ஒரு சுற்றுக்கு 6 முதல் 7 மைக்ரோவினாடி என்றால் சரி. 20 மைக்ரோவினாடி என்றால் வேறு சிப். ஸ்கோப் இல்லையா? ஃப்ரீக்வென்சி அளக்கும் மல்டிமீட்டரிலும் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்துவிடும். போலி என்று தெரிந்தும் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் 1 ஆம்பியருக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து வாங்கப்போவது ப்ளூ பில் என்ற மலிவான கட்டுப்பாட்டு போர்டாக இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். அதில் எஸ்டிஎம்32எஃப்103 என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஓப்பன்ஓசிடி என்ற கணினி நிரலைக் கொண்டு இணைத்தால் அசல் சிப் 1பிஏ01477 என்ற ஐடியைச் சொல்லும். 2பிஏ01477 என்று சொல்லி, எதிர்பாராத ஐடி என்று நிரல் நின்றுவிட்டால் சிப் வேறு.

எழுத்தையே சுரண்டி மாற்றிய சிப்பைப் பிடிக்க அசிட்டோன் சோதனை உண்டு. வெள்ளைப் பஞ்சுக் குச்சியை அசிட்டோனில் நனைத்துச் சிப்பின் தலையில் தேயுங்கள். லேசரில் பொறித்த எழுத்து அசையாது. பஞ்சில் கறுப்பு ஒட்டினால் பழைய எழுத்தை மறைக்க மேலே பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சில பூச்சுகள் அசிட்டோனுக்கு மசியாது, ஆகவே பஞ்சு வெள்ளையாக இருந்தால் அசல் என்று ஆகிவிடாது. பிளாஸ்டிக் கனெக்டர் மேலும், காற்றுத் துளை உள்ள பிஎம்இ போன்ற சென்சார் மேலும் அசிட்டோன் படக் கூடாது.

நம்பகமான கடையில் வாங்கினாலும் இது நடக்கக் காரணம், சில இணையச் சந்தைகளில் பல விற்பனையாளர்களின் சரக்கு ஒரே தட்டில் கலந்து வைக்கப்படுவதுண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த விற்பனையாளர் நேர்மையானவராக இருந்தாலும் பொட்டலத்தில் வருவது இன்னொருவருடைய போர்டாக இருக்கலாம். தயாரிப்பாளரின் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல் இருக்கும். முக்கியமான வேலைக்கு அங்கிருந்து மட்டும் வாங்குங்கள்.

திருப்பி அனுப்பும் எண்ணம் இருந்தால் பின் ஹெடரை (வயர் மாட்டும் கம்பிக் கால் வரிசை) சால்டர் செய்வதற்கு முன்பே சோதித்துவிடுங்கள், சால்டர் பட்ட போர்டைப் பல கடைகள் எடுத்துக்கொள்வதில்லை. ஹெடரைத் துளைகளில் செருகி விரலால் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் ஒரு ரெஜிஸ்டர் படிக்கும் அளவுக்குத் தொடர்பு கிடைக்கும். புகாரில் "போலி போலத் தெரிகிறது" என்று எழுதாமல், "பிஎம்இ280 என்று விற்ற போர்டில் டி0 ரெஜிஸ்டர் 58 காட்டுகிறது, பிஎம்இ280 டேட்டாஷீட்டின்படி 60 வர வேண்டும்" என்று எழுதி, திரையின் படத்தையும் சிப்பை நெருக்கமாக எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.