விளையாட்டு கேள்வி - பதில்: ஒரு கோல், இரண்டு கோலிகள்

வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி
அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகள், கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் கோலி, அதாவது கோல்கீப்பர். வெள்ளிக்கிழமை ஜெயித்துக் கொடுத்தாலும் சனிக்கிழமை உட்கார வைத்துவிடுகிறார்கள். இது தண்டனையா?

இல்லவே இல்லை. அங்கே லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி என அடுத்தடுத்த நாளில் வரும். மற்றவர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறி பெஞ்சுக்குப் போய் மூச்சு வாங்குவார்கள். கோலிக்கு அந்தச் சலுகை கிடையாது, 20 நிமிடம் வீதம் மூன்று பீரியடும் நின்றாக வேண்டும். தாழ்வாக வரும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முழங்காலில் விழுந்து, கால்களை இருபக்கமும் விரித்து, உடனே எழ வேண்டும். இதை 'பட்டர்ஃபிளை' என்பார்கள். ஷாட் வருவதுபோல் போக்குக் காட்டினாலும் விழத்தான் வேண்டும். மறுநாள் இடுப்பும் உள்தொடையும் இறுகிக்கொள்ளும், எழுவது தாமதமாகும். அதனால்தான் சனிக்கிழமை இன்னொருத்தி.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகவே குடிக்க வேண்டும், கொஞ்சம் உப்பும் சேர. மார்ச்சில் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) நாக்-அவுட் வந்துவிட்டால் சுழற்சியைப் பல பயிற்சியாளர்கள் நிறுத்திவிடுவார்கள். அப்போது உட்கார வைத்தால் காரணம் கேட்கலாம், தப்பில்லை.

மாணவர், முத்தியால்பேட்டை
இரண்டு கோலிகளில் யார் மேல் என்று எந்தக் கணக்கை வைத்துச் சொல்வது?

ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை கோல் வாங்கினாள் என்பதை முதலில் பார்க்காதீர்கள். அது பாதி தடுப்பாட்டக்காரர்களின் கணக்கு. தடுத்த ஷாட்டை, கோலை நோக்கி வந்த மொத்த ஷாட்டால் வகுத்துப் பாருங்கள். 25ல் 23 தடுத்தால் .920. ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது: 8 ஷாட்டில் ஒன்று சகதோழி மட்டையில் பட்டுத் திரும்பி உள்ளே போனாலே .875 ஆகிவிடும். 300 ஷாட்டில் .920க்கும் .900க்கும் நடுவே இருப்பது ஆறே கோல். தாக்குதலுக்குக் கூடுதலாக ஒருவரை இறக்க கோலியை வெளியே எடுத்தபின் காலி வலையில் விழும் கோல் அவள் கணக்கில் சேராது.

வாசகர், நெய்வேலி
இந்தியாவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி உண்டா?

உண்டு. பெரும்பாலும் லடாக் பெண்கள். 2025ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றார்கள்.

கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்
எங்கள் (மைதான) ஹாக்கி அணியில் கோல்கீப்பர்கள் இரண்டு பேர், கிட் ஒன்றுதான். பாதி ஆட்டத்தில் மாறலாமா?

வேண்டாம், ஆட்டத்துக்கு ஒருவராக மாறுங்கள். லெக் கார்டு, கிக்கர் (பாதக் கவசம்), செஸ்ட் கார்டு எல்லாம் கழற்றி மாட்ட நடுவர் நேரம் தர மாட்டார். கோல்கீப்பருக்குக் காயமோ, நடுவர் கார்டு காட்டி வெளியேற்றினாலோதான் விலக்கு. பெனால்டி கார்னர் (தடுக்கும் அணியின் தவறுக்கு எதிரணிக்குத் தரும் ஷாட் வாய்ப்பு) கொடுத்துவிட்டால் அது முடியும்வரை வேறு மாற்றத்துக்கே இடமில்லை. இடைவேளையில் அவசரமாக மாட்டினால் ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்ய விட்டுப்போகும். இரண்டு பேருக்கும் தலை அளவு வேறு என்றால் பந்து பட்டதும் ஹெல்மெட் திரும்பி கண்ணை மறைக்கும். அதனால் மற்றதைப் பகிர்ந்தாலும் ஹெல்மெட் மட்டும் தனித்தனியாக வாங்குங்கள்.

யார் இறங்குவது என்பதை இரண்டு நாள் முன்பே பயிற்சியாளர் சொல்லிவிட வேண்டும். கடைசிப் பயிற்சியில் கார்னர் ஷாட்டுகளை அவளே எதிர்கொள்ளட்டும். முந்தைய ஆட்டத்தில் கோல் வாங்கியதற்காக அடுத்த முறையைப் பறிப்பதானால் அதற்குச் சுழற்சி என்று பெயர் வேண்டாம்.

உங்கள் கடற்கரைக் காற்றில் வியர்வை ஊறிய ஃபோம் சீக்கிரம் காயாது. பையில் மூடி வைத்தால் மறுநாளே நாறும், பூஞ்சையும் பிடிக்கும். நேர் வெயிலில் போட்டால் ஃபோம் விறைத்து வெடிக்கும். ஃபேனுக்கடியில் நிழலில் விரித்து வையுங்கள். பக்கிள்களை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து உலர விடுங்கள், உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அவைதான்.