லாக்கோடு நின்றுவிடாதீர்கள்

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். 'அமெரிக்க ஜனநாயகத்தின் தத்துவ, வரலாற்று அடித்தளம்' என்ற கேள்விக்கு 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கைப் பற்றி நான்கு பக்கம் எழுதியும் 15-க்கு 6 மதிப்பெண்தான் கிடைத்தது. எதை விட்டேன்?

பதில்: லாக்கை எழுதியது சரிதான். 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் அவர் வாடை பலமாகவே அடிக்கிறது. உயிர், சுதந்திரம், உடைமை என்று அவர் சொன்ன மூன்றில், முதல் இரண்டைப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் எடுத்துக்கொண்டு, உடைமை இருந்த இடத்தில் 'மகிழ்ச்சியைத் தேடுவது' என்று போட்டார். இதற்கு ஒரு பக்கம் போதும்.

பிரகடனம், பிரிட்டிஷ் மன்னரை ஏன் உதறினோம் என்று சொல்லும் பத்திரம். ஆட்சியை எப்படி நடத்துவது என்பது 1787-ல் பிலடெல்பியாவில் எழுதிய அரசமைப்பில் இருக்கிறது. நடுவில் 11 ஆண்டுகள். உங்கள் மதிப்பெண் அங்கேதான் போயிருக்கும். மாநிலப் பிரதிநிதிகளின் மத்திய சபையான அப்போதைய காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. போர்க் கடனை அடைக்க வழியில்லை. 1786-ல் மேற்கு மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள், டேனியல் ஷேஸ் போன்ற முன்னாள் படைவீரர்களின் தலைமையில், கடன் வழக்குகள் நடக்கவிடாமல் நீதிமன்றங்களை மறித்தார்கள். அந்தக் கலக்கம் அடங்கிய சில மாதங்களில் பிலடெல்பியாவில் கூடியவர்களுக்கு மன்னர் மேல் இருந்த பயம் போதாதென்று, பெரும்பான்மை மக்கள் மீதும் பயம் வந்திருந்தது.

அரசமைப்பைப் புரட்டிப் பாருங்கள்: 'ஜனநாயகம்' என்ற சொல்லே கிடையாது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மேடிசன், அதை ஆதரித்து வந்த 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைத் தொடரின் 10-ஆம் கட்டுரையில் நேரடி ஜனநாயகத்தை ஒதுக்கிவிட்டு, பிரதிநிதிகள் ஆளும் பரந்த குடியரசைக் கேட்கிறார். பிரெஞ்சு சிந்தனையாளர் மாந்தெஸ்கியுவின் அதிகாரப் பிரிவினைக்கு (சட்டமியற்றல், நிர்வாகம், நீதி மூன்றும் ஒரே கையில் சேரக்கூடாது என்பது) 47-ஆம் கட்டுரை. ஒருவரின் பதவி ஆசைக்கு இன்னொருவரின் பதவி ஆசையே கடிவாளம் என்பதற்கு 51. நடைமுறையில், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தது கீழவையான பிரதிநிதிகள் சபையை மட்டும்தான். மேலவை உறுப்பினர்களான செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. 1913-ல்தான் அது மாறியது.

அடிமைமுறையையும் விட்டிருப்பீர்கள், பெரும்பாலோர் விடுகிறார்கள். பிரகடன வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்த பத்தியைக் காங்கிரஸ் வெட்டியது. (எழுதிய ஜெஃபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர்.) அரசமைப்பு 'அடிமை' என்று எழுதக் கூசி, 'மற்ற நபர்கள்' என்று சொல்லி, பிரதிநிதித்துவக் கணக்கில் அவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது.

அடுத்த முறை விடையை ஷேஸ் கலகத்தில் தொடங்கிப் பாருங்கள். லாக் இரண்டாம் பத்தியில் வரட்டும்.