நீர்மட்டத்தில் ஒரு கண் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காவிரிக் கரைப் பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளாகக் குளக்கரைகளில் நின்று பறவைகளைப் படமெடுக்கிறேன். என்னிடம் 100-400 லென்ஸ் உள்ளது. இருந்தும் பறவை எப்போதும் தொலைவிலேயே நிற்கிறது. சென்ற மாதம் ஒருவர் மட்டும் அமரக்கூடிய, காற்றடைக்கும் கயாக் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதில் சென்றால் நெருங்கிவிடலாம் என நம்புகிறேன். பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் மாயாறு வந்து சேரும் பகுதிவரை தனியாகச் சென்று, பறவைகளையும் தண்ணீருக்கு வரும் யானைகளையும் எடுக்க வேண்டும் என்பது என் திட்டம். எவ்வளவு தூரம் நெருங்கலாம்? கேமராவில் எந்த அமைப்புகளை வைத்துக்கொள்வது? கயாக் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது, பறவைகள் மிரளுமா? தனியாகச் செல்வது சரிதானா?

எஸ்.,
கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாமே ‘நெருங்கிவிடலாம்’ என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கின்றன. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். அதற்கு முன், பவானிசாகர் திட்டத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் குறிப்பிடும் கரைகள் 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தைச் சார்ந்தவை. அனுமதியின்றிக் காப்பகத்துக்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மாயாற்றில் முதலைகள் உண்டு. காற்றடைத்த கயாக்கில் அங்கே தனியாக மிதப்பது உயிரோடு விளையாடுவது. கோடையில் குட்டிகளோடு நெடுந்தூரம் நடந்து தண்ணீருக்கு வரும் யானைக் கூட்டம், பழக்கமில்லாத உருவம் ஒன்று கரையோரம் மிதப்பதைக் கண்டால், குடிக்காமலே காட்டுக்குள் திரும்பிவிடக்கூடும். அந்தத் தாகத்துக்கு ஈடாக நம்மிடம் எந்தப் படமும் இல்லை.

கயாக் நமக்குத் தருவது உயரத்தை, அதாவது உயரம் குறைவதை. அதில் அமர்ந்தால் நம் கண் நீர்மட்டத்திலிருந்து மூன்றடிக்குள்தான் இருக்கும். லென்ஸை முழங்கால்மேல் தாழ்த்திப் பிடித்தால் இன்னும் குறையும். குளத்து மேட்டில் நின்று எடுக்கும்போது முக்குளிப்பானின் முதுகும் அதைச் சுற்றியுள்ள கலங்கல் தண்ணீருமே படத்தில் விழுகின்றன. நீர்மட்டத்திலிருந்து எடுத்தால் அதன் கண்ணும் நம் கண்ணும் ஒரே கோட்டில் வருகின்றன. பின்னணியில் இருப்பது வெகுதூரத்து மறுகரை என்பதால் அது நிறமாகக் கரைந்துவிடுகிறது. இந்தக் கோணத்தில் பறவை படச்சட்டத்தில் சிறிதாக இருந்தாலும் படம் நிறைந்துவிடும். கரையிலிருந்து நீங்கள் எடுத்த படங்களின் குறையை நீங்கள் தொலைவு என்று நினைக்கிறீர்கள். அதில் பெரும்பகுதி கோணத்தின் குறை.

எவ்வளவு நெருங்கலாம் என்பதை மீட்டரில் சொல்ல என்னால் இயலாது. மீன்பிடி பரிசல்கள் நாள்தோறும் போகும் துறையில் வெண்மார்பு மீன்கொத்தி நம்மைப் பொருட்படுத்தாமல் இருக்கும். ஆளரவமற்ற திருப்பத்தில் அதே இனப் பறவை நூறு அடிக்கு அப்பாலேயே பறந்துவிடும். பறவையின் உடல்தான் அளவுகோல். இரை தேடுவதை அது நிறுத்தினாலோ, கழுத்தை நீட்டினாலோ, ஆள்காட்டிப் பறவை தலையை மேலும் கீழும் அசைக்கத் தொடங்கினாலோ, நாம் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டோம். உடனே துடுப்பை நிறுத்தி, படகைக் காற்றின் போக்கில் விலகவிட வேண்டும். பாம்புத்தாராவை நினைத்துப் பாருங்கள். அதன் இறகுகள் தண்ணீரில் எளிதில் நனைந்துவிடுபவை. அதனால்தான் அதனால் உடலை மூழ்கவைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்த முடிகிறது, அதனால்தான் பிறகு சிறகை விரித்து வெயிலில் நெடுநேரம் காயவைக்கவும் வேண்டியிருக்கிறது. பாதி காய்ந்த சிறகோடு அதைப் பறக்கவைப்பவர் அதன் காலைப்பொழுதின் உழைப்பைக் கெடுக்கிறார்.

நெரிஞ்சிப்பேட்டையில் பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர் என் முதல் குளிர்காலத்தில் சொன்னது இது: “கண்ணு, நீ அதைப் பாக்கறதுக்கு முன்னாலயே அது உன்னையப் பாத்துருச்சு. நேரா போகாத, வேற வேலையாப் போறவனாட்டம் போ.” பறவையை நோக்கி நேராகச் செல்லும் உருவம் அதற்கு வேட்டையாடும் உருவம். சாய்வாக, அதைக் கடந்து போவதுபோலச் சென்று, நாலைந்து துடுப்பு முன்னதாகவே நிறுத்தி, மிதந்து வரவேண்டும். ஈரத் துடுப்பின் தகடு உயரும்போது வெயிலில் பளிச்சிடும். துடுப்பு படகின் விளிம்பில் தட்டும் ஓசை நீரின்மேல் வெகுதூரம் போகும். கயாக்கின் ஆரஞ்சு நிறத்தைவிட இவ்விரண்டுக்குமே பறவைகள் அதிகம் மிரள்வதை நான் கண்டிருக்கிறேன். அந்த நிறம் அப்படியே இருக்கட்டும், மற்ற படகுகளின் கண்ணில் நீங்கள் படவேண்டும்.

இவையெல்லாம் தெரிந்த பிறகும் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு சித்திரை மாதத்தில், முற்பகல் பத்து மணிக்குமேல், ஆற்று நடுவே இருந்த ஒரு பாறைத் திட்டை ஒட்டிச் சென்றேன். ஆற்று ஆலா ஒன்று தலைக்குமேல் கூச்சலிட்டபடி திரும்பத் திரும்பப் பாய்ந்தது. மஞ்சள் அலகும் கருந்தொப்பியும் பிளவுபட்ட வாலுமாக, அவ்வளவு அருகில் அதை நான் எடுத்ததேயில்லை. பத்து நிமிடம் எடுத்துக்கொண்டே இருந்தேன். அது ஏன் அவ்வளவு அருகில் வருகிறது என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. இந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. வெறும் மணலிலோ பாறைக் குழிவிலோ இரண்டு மூன்று முட்டைகளை இடும். வெயில் ஏறிய பிறகு தாயோ தந்தையோ அவற்றின்மேல் நின்று நிழல் கொடுத்தாக வேண்டும். நான் விலகுவதற்குள் காகம் ஒன்று திட்டில் இறங்கி, எதையோ அலகில் கவ்வியபடி கரையை நோக்கிப் பறந்தது. அந்தப் படங்கள் கூர்மையாக, நல்ல ஒளியில் அமைந்தவை. அவற்றை நான் எங்கும் வெளியிட்டதில்லை, வெளியிடப் போவதுமில்லை.

எனவே பருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டூரிலிருந்து டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நீர் திறப்பது வழக்கம். ஆடியிலோ பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் பகுதியில் அம்மியையே தூக்கும். அப்போது கயாக்கைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. பாசனம் நின்று காற்றும் அடங்கிய மாசி, பங்குனி, சித்திரைதான் துடுப்புக்கு மிக எளிதான காலம். ஆலாக்கள் திட்டுகளில் முட்டையிடுவதும் ஏறத்தாழ அப்போதுதான். நமக்கு வசதியான மாதங்களை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மார்கழியும் தையும் போதும். வலசை வந்த பறவைகளும் அப்போது இருக்கும், விடியலில் காற்றும் பெரும்பாலும் இருக்காது.

இடத்துக்கு என் பரிந்துரை, கதவணைகளால் காவிரி தேங்கி நிற்கும் பூலாம்பட்டி–நெரிஞ்சிப்பேட்டைப் பகுதி. அங்கே ஆறு தெற்கு நோக்கிச் செல்கிறது. காலையில் கிழக்குக் கரையான பூலாம்பட்டிப் பக்கம் ஒட்டியே இருந்தால் வெயில் உங்கள் முதுகில் இருக்கும், எதிர்ப்புறத்துப் பறவைகள் முழு ஒளியில் கிடைக்கும். கதவணை அலுவலகத்திலும் பேரூராட்சியிலும் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். கதவுகளின் பக்கம் போகவே வேண்டாம். இரவில் விரித்த வலைகளின் மிதவைகளைச் சுற்றிப் போங்கள். அது ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானம்.

கேமரா அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகு எப்போதும் அசைவதால், அமர்ந்திருக்கும் பறவைக்கே 1/800 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். பறப்பதற்கு 1/2000-க்குக் குறையாமல் வையுங்கள், ஐஎஸ்ஓவை (ஒளியுணர் அளவை) தானியங்கியில் விடுங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பு நம் ஆட்டத்தைத்தான் குறைக்கும், பறவையின் அசைவை நிறுத்தாது. கருநிற நீரின்மேல் வெண்கொக்கு நின்றால் ஒளியளவை முக்கால் ஸ்டாப் (ஒளியளவின் ஒரு படி) குறையுங்கள், இல்லையேல் இறகின் நுணுக்கம் வெள்ளையாக வெந்துவிடும். தொடக்கத்தில் கருப்பு வெள்ளை மீன்கொத்தியோடு பழகுங்கள். அது பாய்வதற்கு முன் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பதால், குவியத்தைப் பிடிக்க உங்களுக்குச் சில நொடிகள் கிடைக்கும். கேமராவைத் தண்ணீர் புகாத பையில் வைத்து, அந்தப் பையைப் படகோடு கட்டுங்கள், உங்கள் உடலோடு கட்டாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டை நீச்சல் தெரிந்தவரும் அணிந்தே ஆகவேண்டும்.

தனியாகச் செல்லலாம். பேச்சில்லாத ஒற்றை உருவத்தைப் பறவைகள் விரைவில் ஏற்றுக்கொள்கின்றன; நீர்நாய்க் குடும்பம் ஒன்று தலையை உயர்த்தி என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு மீண்டும் மீன்பிடிக்கச் சென்றது, நான் ஒருவனாக இருந்த காலையில்தான். ஆனால் நீங்கள் எந்தத் துறையில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு விடியலில் பூலாம்பட்டிப் படித்துறைக்கு வாருங்கள். லென்ஸை எடுத்து வாருங்கள், கயாக்கை வீட்டில் வைத்துவிடுங்கள். முதல் நாள் அந்தப் பெரியவரின் பரிசலில் போவோம்.

அன்புடன்.