அம்பாசடர் பின்பக்கத்தை இறக்கலாமா? கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, என் அம்பாசடர் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டு அங்குலம் இறக்க என்ன வழி?

முதலில் வண்டிக்குக் கீழே படுத்து, பின் ஸ்பிரிங்காக அடுக்கியிருக்கும் எஃகுப் பட்டைகளை எண்ணுங்கள் தம்பி. டாக்சியாக ஓடின வண்டி என்றால் பாரம் தாங்கக் கூடுதலாக ஒரு பட்டை சொருகியிருப்பார்கள், அதை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் (பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு) நடுவில் கட்டை போடுங்கள். இந்த வண்டியில் ஆக்சில் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கட்டை வைத்தால் பாடி அதே அளவு கீழே வரும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை கட்டையின் குழியில் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் நகரும். ஆக்சிலைப் பட்டையோடு இறுக்கும் யூ போல்ட்டும் அதற்கேற்ற நீளத்தில் புதிதாக வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பின் சீட்டில் ஆளை ஏற்றிவிட்டு ஆக்சிலுக்கும், அது பாடியில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள்.

கேள்வி: பட்டையின் பின் முனையைப் பாடியோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்கினால் இறங்குமா?

ஏறும்.

கேள்வி: பிரீமியர் பத்மினி காருக்கும் இதே கட்டை ஆகுமா?

அதுவும் பட்டை வண்டிதான். ஆனால் உங்கள் வண்டிப் பட்டையின் அகலத்தை அளந்து அதற்கேற்பக் கட்டை செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: கேஸ் டார்ச்சில் பட்டையைச் சூடு காட்டினால் தானே இறங்கிவிடும், முப்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் உடைந்ததில்லை.

உடையும் என்று நான் சொல்லவில்லை ஐயா, படுத்துவிடும். பட்டை எஃகைச் சுட்டு எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றித்தான் அந்த விறைப்பைக் கொண்டுவருகிறார்கள். செக்கச்செவேலென்று சுட்ட இடம் மட்டும் வெறும் இரும்பாகிவிடும். நான் வாங்கிய முதல் வண்டியில் யாரோ இந்த வேலை பார்த்திருந்தார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் வலது பக்கம் மூன்று விரல் போனது, இடது பக்கம் ஒன்றுகூட நுழையவில்லை, டயர் ஓரத்தில் மட்கார்டு விளிம்பு சுற்றிலும் கோடு கிழித்திருந்தது.

அதே ஐயா: லாரிப் பட்டறையிலும் சூடு காட்டுகிறார்களே?

நல்ல பட்டறையில் கழற்றி, முழுப் பட்டையையும் உலையில் வைத்துச் சுட்டு, முக்கி எடுக்கிறார்கள். நீங்கள் வண்டியிலேயே வைத்துக் காட்டுகிறீர்கள், அதுவும் பெட்ரோல் டாங்க் பின்னால் இருக்கிற வண்டியில்! சூடே இல்லாமல் சுத்தியலால் அடித்து வளைவைக் குறைப்பது என்றால் சரி, அதற்கு நானே ஆள் காட்டுகிறேன்.

கேள்வி: ஆர்டிஓ பிடிப்பாரா?

மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52ஆவது பிரிவைப் படித்துவிட்டு அவரையே கேளுங்கள்.

கேள்வி: எவ்வளவு வரை இறக்கலாம்?

மேலே சொன்ன பம்ப் ஸ்டாப் இடைவெளியைப் பார்த்துத்தான்.

கேள்வி: மூன்று அங்குலக் கட்டை வாங்கிவிட்டேன் அண்ணா, போடலாமா?

பம்ப் ஸ்டாப் அளந்தீர்களா?